ஊத்திக் கொடுக்கிற தண்ணி வேண்டாம்

2021 மே மாதத்தை அவ்வளவு சீக்கிரம் யாரும் மறந்துவிட முடியாது. சேலம் உருக்காலை வளாகத்தில் ஆக்சிஜன் படுக்கைகள் போட்ட மாதம் அது. சுடுகாட்டிலும் வரிசை நின்றது. அந்த மாதம் முதல் தேதியிலிருந்து, 18 வயது முதல் 44 வயது வரை உள்ளவர்கள் தடுப்பூசி போட வேண்டுமானால் 'கோவின்' என்ற இணையதளத்தில் பெயரைப் பதிந்து, நாளும் நேரமும் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும் என்று ஒன்றிய அரசு விதித்தது. ஆஸ்பத்திரி வாசலில் நேராகப் போய் நின்றால் ஊசி கிடையாது. செல்போன் வேண்டும். போனில் நெட் வேண்டும். ஆங்கிலம் வேண்டும். கண் வேண்டும்.

கண் வேண்டும் என்று நாம் வாய்ஜாலத்துக்குச் சொல்லவில்லை. 2021 மே 31 அன்று உச்ச நீதிமன்ற நீதிபதிகள் சந்திரசூட், நாகேஸ்வர ராவ், ரவீந்திர பட் ஆகியோர் போட்ட உத்தரவிலேயே அது இருக்கிறது. கொரோனா காலத்து மருந்து, ஆக்சிஜன், ஊசி விநியோகம் பற்றி நீதிமன்றம் தானாகவே எடுத்துக்கொண்ட வழக்கு அது. கோவின் தளத்தின் கோளாறுகளை அந்த உத்தரவு ஒவ்வொன்றாகப் பிட்டு வைத்தது. படத்தில் நெளிகிற எழுத்தைக் காதால் கேட்க வழி இல்லை. வயது, ஊசியின் பெயர், இலவசமா காசா என்றெல்லாம் பிரித்துத் தேடுகிற ஏழு பொத்தான்களும் பார்வையற்றவருக்குப் பிடிபடவில்லை. எத்தனை இடம் காலி என்ற எண் காதில் விழுகிறது. அந்த இடத்தின் மற்ற விவரம் எதுவும் விழவில்லை. மவுஸைத் தொடாமல் விசைப்பலகையை மட்டும் வைத்துக்கொண்டு பக்கத்தில் நகர முடியவில்லை. மெதுவாகத் தட்டுகிறவர் முடிப்பதற்குள் தளம் அவரை வெளியே தள்ளிவிடும் ஆபத்து இருக்கிறது. எழுத்து பின்னணியிலிருந்து எடுப்பாகத் தெரிய வேண்டும் என்பதும் பட்டியலில் உண்டு. கோவினையும் ஆரோக்கிய சேது போன்ற செயலிகளையும் மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த முடிகிறதா என்று தணிக்கை செய்யச் சொன்னது நீதிமன்றம்.

அந்த நெளிகிற எழுத்துப் படம் எதற்கு வைக்கிறார்கள் தெரியுமா? உள்ளே வருவது மனிதனா மெஷினா என்று சோதிப்பதற்கு. எழுத்தைப் பார்த்துத் தட்டினால் நீ மனிதன். பார்க்க முடியாவிட்டால் மனிதனில்லை. மனிதரில்லை என்று சொல்லி வாசலில் நிறுத்தப்படுவது நமக்கொன்றும் புதிதல்ல என்பதால்தான் இந்த இதழின் தலையங்கத்துக்கு இந்த விசயத்தை எடுத்துக்கொண்டோம்.

பார்வையற்றவர் எப்படிச் செல்போன் பார்ப்பார் என்று கேட்கிறவர்கள் நம் பக்கத்திலும் உண்டு. பார்ப்பதில்லை, கேட்கிறார். திரையில் உள்ளதை வாய்விட்டு வாசிக்கிற மென்பொருள் இருக்கிறது. ஸ்கிரீன் ரீடர் என்பார்கள், தமிழில் திரைவாசிப்பான். ஆண்ட்ராய்டு போனில் 'டாக்பேக்' என்ற பெயரில் வருகிறது. கம்ப்யூட்டருக்கு 'என்விடிஏ' என்று ஒன்று உண்டு. பார்வையற்ற இரண்டு ஆஸ்திரேலிய இளைஞர்கள் 2006இல் தொடங்கி, காசில்லாமல் உலகத்துக்குக் கொடுத்தது. தமிழும் வாசிக்கும். ஆனால் அது வாசிக்க வேண்டுமானால் பக்கத்தைக் கட்டியவர் சில காரியங்களைச் செய்திருக்க வேண்டும். படத்துக்குப் பின்னால் அது என்ன படம் என்று ஒரு வரி எழுதியிருக்க வேண்டும். பொத்தானுக்குப் பெயர் வைத்திருக்க வேண்டும். பெயரில்லாவிட்டால் வாசிப்பான் 'பொத்தான்', 'பொத்தான்', 'பொத்தான்' என்று சொல்லிக்கொண்டே போகும். பத்துக் கதவு உள்ள வீட்டில் எதற்கும் அடையாளமில்லாமல் தடவிக்கொண்டு நிற்பதுபோல.

இதெல்லாம் 2021இல் கண்டுபிடித்த சங்கதியல்ல. இணையத்துக்கு விதி வகுக்கிற உலக அமைப்பு 1999 மே மாதத்திலேயே இந்த விதிகளை எழுதி வெளியிட்டுவிட்டது. 2007 அக்டோபர் 1 அன்று ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையை இந்தியா ஏற்றது. இணையமும் அதில் உண்டு. 2009இல் இந்திய அரசே தன் இணையதளங்களுக்கு வழிகாட்டு நெறி வெளியிட்டது. எழுதி 22 வருசம் ஆன விதி, தானே ஒப்புக்கொண்ட நெறி, இத்தனையும் கையில் வைத்துக்கொண்டுதான் உயிர் காக்கிற ஊசிக்கான ஒற்றை வாசலை இப்படிக் கட்டினார்கள். அறியாமை என்று இதை நாம் எழுத மாட்டோம். கட்டும்போது மனதில் யார் உருவம் இருந்தது என்பதுதான் கேள்வி. நகரத்து, ஆங்கிலம் படித்த, பத்து விரலும் இரண்டு கண்ணும் உள்ள ஓர் ஆள். அவன்தான் அவர்களுடைய 'பொதுமக்கள்'.

பொது என்ற சொல் நம்மை ஏமாற்றுகிற விதம் பழையது. 1923இல் பம்பாய் சட்டமன்றம், பொதுக் குளம் கிணறு எல்லாம் தீண்டப்படாதோருக்கும் உண்டு என்று தீர்மானம் போட்டது. 1924இல் மகாத் நகராட்சியும் சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. தாளில் குளம் திறந்திருந்தது. மூன்று வருசம் ஒரு தலித்தும் அதில் கை நனைக்க முடியவில்லை. 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கர் கூட்டத்தோடு நடந்துபோய் அந்தத் தண்ணீரை அள்ளிக் குடித்தபோதுதான் தீர்மானத்தின் யோக்கியதை ஊருக்குத் தெரிந்தது. அடி விழுந்தது. குளத்துக்குச் சாணியும் மூத்திரமும் ஊற்றித் தீட்டுக் கழித்தார்கள். அதே வருசம் ஆகஸ்டில் நகராட்சி தன் தீர்மானத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டது. உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்ல 1937 ஆனது.

சாதியையும் உடல் ஊனத்தையும் ஒன்றென்று போட்டுக் குழப்ப நமக்கு விருப்பமில்லை. கண் தெரியாத ஆதிக்கச் சாதிக்காரர் கோவில் கருவறைக்குப் பக்கத்தில் நிற்பார்; கண் தெரிந்த தலித் தேர்முட்டியோடு சரி. ஆனால் ஓர் இடத்தில் இரண்டும் ஒரே முகத்தைக் காட்டுகிறது. தடுக்கிறவன் 'நான் தடுக்கவில்லையே' என்கிற இடம் அது. 'தண்ணி கேட்டா நாங்களே ஊத்துறமே, எதுக்குக் கொளத்துல எறங்கற?' என்றார்கள் அன்றைக்கு. கை குவித்து நின்றால் மேலிருந்து ஊற்றுவார்கள். தாகம் தீரும். யார் ஊற்றுகிறவன், யார் குனிகிறவன் என்பதும் ஒவ்வொரு முறையும் உறுதியாகும். இன்றைக்கு அதிகாரி சொல்வதும் அதேதான்: 'பார்வை இல்லைன்னா என்னங்க, கூட யாராச்சும் இருப்பாங்க இல்ல, அவங்க பதிஞ்சு குடுப்பாங்க.'

யார் அந்த யாராச்சும்? இந்தக் கேள்வியில்தான் நம் ஊர் விசயம் முழுக்க இருக்கிறது.

ராசிபுரம் பக்கமோ சங்ககிரி பக்கமோ ஏதோ ஒரு சேரியில் பார்வையற்ற இளம்பெண் ஒருத்தி கர்ப்பமாக இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். தமிழ்நாட்டில் கர்ப்பத்தைப் 'பிக்மி' என்ற அரசுத் தளத்தில் பதிந்து ஆர்.சி.எச். எண் வாங்க வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி திட்டத்தில் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமுமாகச் சேர்த்து 18,000 ரூபாய் வருவதற்கும் அந்த எண், பிள்ளைக்குப் பிறப்புச் சான்றிதழ் வாங்குவதற்கும் அந்த எண். கிராமச் செவிலியர் பதிந்து கொடுப்பார். நல்ல செவிலியர் வாய்த்தால் பிரச்சினை இல்லை. சொந்தமாகவும் பதியலாம் என்று அரசு சொல்கிறது. சொந்தமாக என்றால் எப்படி? தளம் அவளோடு பேசவில்லையென்றால் அவள் யாரையாவது பிடிக்க வேண்டும். வீட்டில் படித்தவர் இல்லையென்றால் பிரவுசிங் சென்டர், இல்லாவிட்டால் இ-சேவை மையம். அது எங்கே இருக்கிறது? பெரும்பாலும் ஊர்த் தெருவில், மெயின் ரோட்டு மேல். நடத்துகிறவர் யார் என்று நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆதாரை நீட்டுகிறாள். அதில் விலாசம் இருக்கிறது: ஆதிதிராவிடர் காலனி, அருந்ததியர் தெரு என்று. அவள் வாயைத் திறக்கும் முன்பே அவள் யார் என்பதை அட்டை சொல்லிவிட்டது. (அரசுப் பதிவேடுகளிலிருந்து 'காலனி' என்ற சொல் நீக்கப்படும் என்று 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் ஸ்டாலின் சட்டமன்றத்தில் அறிவித்தார். வரவேற்கிறோம். நம் வீட்டில் இருக்கும் பழைய ஆதார் அட்டையில் அச்சு அப்படியேதான் இருக்கிறது.)

அப்புறம் கேள்விகள். 'எத்தனாவது மாசம்?' 'இது எத்தனாவது?' 'முன்னாடி ஏதாச்சும் கலைஞ்சிருக்கா?' படிவம் கேட்கிற கேள்விதான். ஆனால் படிவம் கேட்கவில்லை, கடைக்காரர் கேட்கிறார், பின்னால் வரிசையில் நிற்கிறவர் கேட்டுக்கொண்டிருக்கிறார். 'உனக்குக் கண்ணு தெரியாதே, இதெல்லாம் எதுக்கும்மா' என்று ஒரு இலவசப் பேச்சும் வரும். போனுக்கு ஓ.டி.பி. வருகிறது, போனையே அவர் கையில் கொடுத்துவிட வேண்டும். வங்கிக் கணக்கு எண் அவரிடம். கர்ப்பத்துக்குப் பதிலாகக் காசநோய் என்று வையுங்கள், எச்.ஐ.வி. பரிசோதனை என்று வையுங்கள், மனநல மாத்திரை, கருக்கலைப்பு என்று வையுங்கள். ஒரு சேரிப் பெண்ணின் உடம்பைப் பற்றி ஊருக்கு எது தெரியக்கூடாதோ அது அத்தனையும் ஊர்க்காரர் ஒருவரின் திரையில் ஏறிவிடுகிறது. அதற்குப் பிறகு கூலி பேசும்போதும், வட்டி கேட்கும்போதும், காதல் கல்யாணம் என்று ஏதாவது நடந்துவிட்டாலும் அந்தச் சேதி எப்படிப் பயன்படும் என்பது இந்தச் சமவெளியில் வாழ்கிற யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

கண் தெரிந்த, படிப்பில்லாத நம் சனத்துக்கும் இதே கதிதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் படிப்பில்லாத அம்மாவுக்குப் பத்தாவது படிக்கிற மகள் வளர்ந்துவிட்டால் வழி பிறக்கிறது. பார்வையற்ற பெண் பி.ஏ., பி.எட். படித்திருப்பாள், பிரெய்லியில் தேறியிருப்பாள், போனில் டாக்பேக் வைத்துச் சரளமாக வாட்ஸ்அப் அனுப்புவாள். அவளுக்கு எல்லாம் தெரியும். தளம்தான் அவளை ஒன்றும் தெரியாதவளாக்கி ஊர்த் தெருவுக்கு அனுப்புகிறது. அவளுடைய படிப்பைச் செல்லாக்காசாக்குகிற வேலை இது. படித்த தலித்தைப் பார்த்தால் வயிறு எரிகிற ஊருக்கு இதைவிட வசதி வேறென்ன வேண்டும்?

சரி, நம்மில் எத்தனை பேருக்கு இந்தப் பிரச்சினை என்று கணக்குக் கேட்பவர்களுக்கு அரசின் கணக்கையே தருகிறோம். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி, மக்கள்தொகையில் 2.21 விழுக்காடு. தமிழ்நாட்டில் 11.79 லட்சம். பட்டியல் சாதியினரிடையே மட்டும் எடுத்தால் 2.45 விழுக்காடு, பட்டியல் சாதியும் பழங்குடியும் அல்லாதவரிடையே 2.18. இந்த வித்தியாசம் ரத்தத்தில் வந்ததல்ல. கையை இழக்கிற வேலை, கண்ணை இழக்கிற வேலை, முதுகு ஒடிகிற வேலை யார் தலையில் கட்டப்பட்டிருக்கிறது? கரும்பு ஆலை, சவ்வரிசி மில், கல்குவாரி, பள்ளிபாளையம் குமாரபாளையத்து விசைத்தறி, திருச்செங்கோட்டிலிருந்து நாடு முழுக்கப் போகிற ரிக் வண்டி, சாக்கடைக் குழி. இதோடு புளூரைடு தண்ணீரைக் குடித்து எலும்பு வளைந்துபோனவர்கள் தருமபுரியிலும் சேலம் மாவட்டப் பகுதிகளிலும் இருக்கிறார்கள். நாமக்கல் மாவட்டத்தில் ஐந்தில் ஒருவர் பட்டியல் சாதி, சேலத்தில் ஆறில் ஒருவர். 2011 கணக்கில் எட்டு வகை ஊனத்தைத்தான் எழுதிக்கொண்டார்கள். 2016 சட்டம் ஒப்புக்கொள்வது 21 வகை. தொழுநோயிலிருந்து குணமானவர்களும் ஆசிட் வீச்சில் முகம் வெந்தவர்களும் அதில் வருகிறார்கள். அடுத்த கணக்கெடுப்பு 2027 என்கிறார்கள். எண் கூடும்.

பெயர் வைப்பதில் மட்டும் குறைவே இல்லை. நம்மைக் கடவுளின் குழந்தைகள் என்று காந்தி பெயர் வைத்தார்; கடவுளின் வீட்டுக்குள் மட்டும் விடவில்லை. 2015 டிசம்பரில் வானொலியில் பேசிய பிரதமர் மோடி, மாற்றுத்திறனாளிகளை 'திவ்யாங்', அதாவது தெய்வீக உடல் படைத்தோர், என்று அழைக்கலாம் என்றார். 2016இல் துறையின் பெயரிலேயே அது ஏறிவிட்டது. தெய்வீக உடல் படைத்தவருக்கு ஐந்து வருசம் கழித்துத் தடுப்பூசித் தளத்தில் பொத்தானுக்குப் பெயர் வைக்க நேரமில்லை. எந்தச் சனத்துக்கு உரிமை கொடுக்க மனமில்லையோ அந்தச் சனத்தைத் தெய்வத்தோடு சேர்த்துவிடுவது இவர்களுடைய பழக்கம். நம் மேடைகளுக்கும் ஒரு வார்த்தை: 'செவிட்டு அரசே', 'குருட்டு நீதியே' என்று முழங்குவதை விடலாம். அரசுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. செவித்திறன் இல்லாத தோழர் என்ன பாவம் செய்தார்?

இதில் தமிழுக்கு என்று தனியாக ஒரு தடை உண்டு. கோவின் தொடக்கத்தில் ஆங்கிலத்தில் இருந்தது. 2021 ஜூன் தொடக்கத்தில் இந்தியும் வேறு பல மொழிகளும் சேர்த்தபோது தமிழ் விடுபட்டுப் போனது. கண்டனம் எழுந்த பிறகு சேர்த்தார்கள். அது டெல்லியின் கூத்து. நம் சொந்தக் கூத்தும் இருக்கிறது. தமிழ்நாட்டு அரசு அலுவலகங்களில் வெகுகாலம் 'வானவில்' போன்ற எழுத்துருக்களில்தான் தட்டச்சு நடந்தது. அவற்றில் அடித்தது நம் கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். மெஷினுக்கு உள்ளே அது ஆங்கில எழுத்துகளின் குப்பை. திரைவாசிப்பான் அதை வாசித்தால் பேய் பிடித்ததுபோல உளறும். 2010இலேயே யூனிகோடு முறையைத் தமிழ்நாடு அரசு ஏற்று ஆணையிட்டது. யூனிகோடில் அடித்தால் வாசிப்பான் அழகாக வாசிக்கும். ஆனால் அடித்ததைத் தாளில் எடுத்து, கையெழுத்துப் போட்டு, ரப்பர் முத்திரை குத்தி, அதை ஸ்கேன் எடுத்துப் பி.டி.எஃப். ஆக்கித் தளத்தில் ஏற்றினால் அது மறுபடியும் வெறும் படம். வாசிப்பானுக்கு வெள்ளைத் தாள். மாவட்ட இணையதளங்கள் இப்போது தேசியத் தகவலியல் மையத்தின் ஒரே அச்சில் வார்க்கப்படுகின்றன. அந்த அச்சின் பெயரிலேயே 'சுகம்யா', அணுகத்தக்கது, என்ற சொல் இருக்கிறது. எழுத்தைப் பெரிதாக்கலாம், நிறத்தை மாற்றலாம். நல்லதுதான். வாசலில் சாய்தளம் போட்டாயிற்று. உள்ளே வைக்கிற ஒவ்வொரு தாளும் படிக்கட்டாக இருந்தால் சாய்தளத்தில் ஏறி வந்து என்ன செய்வது?

செவித்திறன் இல்லாதவர் கதை வேறு. அவருக்குப் பக்கம் தெரிகிறது. சுகாதாரத் துறை ஏற்றுகிற காணொளியில் மருத்துவர் பேசுவது தெரியவில்லை. கீழே எழுத்து ஓட விட வேண்டும், ஓரத்தில் சைகைமொழி வேண்டும். 'சந்தேகங்களுக்கு 104ஐ அழைக்கவும்' என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதுகிறார்கள். அழைத்து என்ன பேசுவார்? அறிவுசார் குறைபாடு உள்ளவருக்கு வேண்டியது வேறொன்று: நேரான தமிழ். 'உரிய ஆவணங்களுடன் தகுதிவாய்ந்த அலுவலரை அணுகிப் பயனடையுமாறு' என்கிற மொழி நமக்கே புரிவதில்லை. இதைத் திருத்த இன்ஜினியர் தேவையில்லை, சேரியில் நாலு பேரிடம் வாசித்துக் காட்டினால் போதும்.

சட்டம் என்ன சொல்கிறது? 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. மின்னணு வடிவில் உள்ள தகவல் அனைத்தும் அணுகத்தக்கதாக இருக்க வேண்டும் என்கிறது 42ஆம் பிரிவு. 25ஆம் பிரிவு மருத்துவ வசதிக்குள் தடையின்றிப் போகும் வழி கேட்கிறது. ஒருவரை அவர் ஊனத்தைச் சொல்லிப் பொதுமக்கள் பார்வைபடும் இடத்தில் இழிவுபடுத்துவது 92ஆம் பிரிவில் குற்றம். வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் நாம் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிற அதே வாசகம். ஆனால் இந்தச் சட்டத்துக்கு எழுதிய விதிகளில் அணுகல் நெறிகளை 'வழிகாட்டுதல்' என்று வைத்துவிட்டார்கள். செய்தால் செய், விட்டால் விடு. 2024 நவம்பர் 8 அன்று ராஜீவ் ரதூரி வழக்கில் அந்த 15ஆம் விதி சட்டத்துக்கே முரணானது என்று உச்ச நீதிமன்றம் தள்ளியது. கட்டாயமான நெறிகளை மூன்று மாதத்தில் வகுக்கச் சொன்னது. ரதூரி பார்வையற்றவர், 2005இல் போட்ட வழக்கு. 2025 ஏப்ரல் 30 அன்று, அதாவது 'காலனி' அறிவிப்புக்கு மறுநாள், நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு டிஜிட்டல் அணுகல் என்பது 21ஆம் உறுப்பின் கீழ் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டவர்கள் ஆசிட் வீச்சில் கண்ணிமை சிதைந்தவர்களும் பார்வையற்ற ஒருவரும். வங்கிக்கோ சிம் கார்டுக்கோ அடையாளம் காட்டும்போது கண்ணைச் சிமிட்டிக் காட்டு என்கிறது கேமரா. சிமிட்ட இமை இல்லாதவர் என்ன செய்வார்? சிமிட்டாதவர் உயிரோடு இல்லை என்று அது தீர்மானித்துவிடுகிறது.

தீர்ப்புகளை வரவேற்கிறோம், கும்பிடவில்லை. காரணம் ஒன்று சொல்கிறோம். கோவின் உத்தரவுக்கு ஒரு மாதம் முன்பு, 2021 ஏப்ரல் 27 அன்று, அதே நீதிபதி சந்திரசூட் எழுதிய இன்னொரு தீர்ப்பு இருக்கிறது. ஆந்திரத்தில் பிறவியிலேயே பார்வையற்ற, பட்டியல் சாதிப் பெண் ஒருவர் மீது நடந்த பாலியல் வன்முறை வழக்கு. சாதி, பெண், ஊனம் மூன்றும் ஒருவர் மேல் சேர்ந்து விழும்போது ஒடுக்குமுறை எப்படித் தனி உருவம் எடுக்கிறது என்று பக்கம் பக்கமாக நன்றாகவே எழுதியது நீதிமன்றம். வன்புணர்ச்சிக்கான தண்டனையை உறுதி செய்தது. வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் கீழான தண்டனையை மட்டும், சாதியின் காரணமாகத்தான் செய்தான் என்று அரசுத் தரப்பு நிரூபிக்கவில்லை என்று ரத்து செய்தது. மூன்றையும் கண்டுகொண்ட தீர்ப்பிலேயே ஒன்று கைநழுவிப் போயிற்று. மாற்றுத்திறனாளிகள் சங்கங்களில் சாதி பேச்சு எழுவது அபூர்வம். தலித் இயக்கங்களில் ஊனம் பேச்சு எழுவது அதைவிட அபூர்வம். இரண்டும் சேர்ந்த உடம்போடு வாழ்கிறவர் எந்தக் கொடிக்குக் கீழே நிற்பது?

'பஞ்சமி நிலம் கைக்கு வரல, சுடுகாட்டுக்குப் பாதை இல்ல, இவங்க வெப்சைட்டுக்குத் தலையங்கம் எழுதறாங்க' என்று சொல்லப் போகிற தோழர்களைத் தெரியும். உதவித்தொகை, பஸ் பாஸ், தேசிய அடையாள அட்டை, மருத்துவக் காப்பீடு என்று ஒவ்வொன்றாகத் திரைக்குள் போய்க்கொண்டிருக்கிறது தோழர்களே. பாதை கேட்கிற மனுவுக்கே இனி ஓ.டி.பி. வரும். இன்னொன்றும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: தளத்தைச் சரி செய்தாயிற்று என்று காரணம் காட்டிக் கவுண்டரை மூடுவதையும் நாம் ஒப்புக்கொள்ள முடியாது. கோவினுக்கும் அதுதான் நடந்தது. 2021 மே 24 அன்று, மாநிலங்கள் விரும்பினால் அரசு மையங்களில் நேரில் வருகிறவரையும் பதியலாம் என்று தளர்த்தினார்கள். ஜூன் 21 முதல் நேரில் போய்ப் போட்டுக்கொள்வது எல்லாருக்கும் பொதுவானது. செப்டம்பரில்தான் நடமாட முடியாதவர்களுக்கு வீட்டுக்கே ஊசி என்று ஒன்றிய அரசு அறிவித்தது. தளம் பேச வேண்டும், கவுண்டரும் திறந்திருக்க வேண்டும், செவிலியரும் சேரிக்கு வர வேண்டும். மூன்றில் எதைத் தேர்ந்தெடுக்கிறாய் என்று நம்மிடம் கேட்க அவர்களுக்கு யோக்கியதை இல்லை. 2025 ஜூலையில் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளிகளிடம் கிட்னி வாங்கிய தரகர் விவகாரம் வெளியே வந்ததே, அந்தத் தரகர்களுக்குக் கடன்பட்ட ஒவ்வொரு வீட்டு வாசலும் தெரிந்திருந்தது.

இனிச் செய்ய வேண்டியது. முதலில் நாமே சோதித்துப் பார்க்கலாம். போனில் டாக்பேக்கை இயக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் மாவட்டச் சுகாதாரப் பக்கத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்தின் தொலைபேசி எண்ணைத் தேடுங்கள். கம்ப்யூட்டர் இருந்தால் மவுஸை ஓரமாக வைத்துவிட்டு டேப் விசையை மட்டும் தட்டிக்கொண்டு ஒரு படிவத்தை முடிக்க முடிகிறதா பாருங்கள். ஒரு பி.டி.எஃப்.பைத் திறந்து எழுத்தின் மேல் விரலை வைத்து அழுத்துங்கள். எழுத்தைப் பிடித்து நகலெடுக்க முடியவில்லையென்றால் அது படம். ஆனால் கண் தெரிந்தவர் அரை மணி நேரம் கண்ணை மூடிக்கொண்டு நடத்துகிற சோதனை அரைச் சோதனைதான். நம் தெருவில் பார்வையற்றவர், கை இழந்தவர், காது கேளாதவர் யார் யார் என்று தெரிந்துகொண்டு, அவர்களை உட்காரவைத்து, அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுங்கள்.

எழுதியதை வைத்துத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். மாவட்டச் சுகாதார அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒன்று, ஆட்சியர் அலுவலகத்துக்கு ஒன்று. பத்து ரூபாய் கோர்ட் வில்லை ஒட்டினால் போதும். கேள்விகள் இவை: உங்கள் துறையின் இணையதளத்தை மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்த முடிகிறதா என்று கடைசியாகத் தணிக்கை செய்த தேதி எது, செய்தவர் யார், அறிக்கையின் நகல் வேண்டும். தணிக்கையில் பார்வையற்றவர் எத்தனை பேர், அவர்களில் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் கலந்துகொண்டார்கள்? கடந்த ஒரு வருசத்தில் தளத்தில் ஏற்றிய ஆவணங்களில் ஸ்கேன் எடுத்த படங்கள் எத்தனை, யூனிகோடு எழுத்தில் உள்ளவை எத்தனை? இணையம் வழியாக மட்டும் பதிய வேண்டிய சுகாதாரத் திட்டம் ஏதாவது இருக்கிறதா, அதற்கு நேரில் பதிகிற இடம் எது?

முப்பது நாளில் பதில் தர வேண்டும். வந்தால் நகல் ஒன்றை இதழுக்கு அனுப்புங்கள். அடுத்த இதழில் அப்படியே அச்சிடுகிறோம். வராவிட்டால் மேல்முறையீட்டுக்கு அடுத்த முப்பது நாள் இருக்கிறது, தேதியைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். மனுவைப் பேனாவில் எழுதுகிறவர் வேறு யாராக இருந்தாலும் அடியில் போடுகிற கையெழுத்தோ கைநாட்டோ, அந்தத் தளத்தின் வாசலில் நிறுத்தப்பட்டவருடையதாக இருக்கட்டும்.